பாடகியம்மா மேற்கே போகிறார்

ஜூன் 3, செவ்வாய்

முப்பது வருஷம் வண்டி ஓட்டியபோது எழுதுகிற வேலையெல்லாம் கண்டக்டர் ஆறுக்குட்டியுடையது. எங்கே தாமதம், எங்கே பஞ்சர், எல்லாவற்றையும் அவன்தான் டிரிப் ஷீட்டில் எழுதுவான். நான் ஸ்டீயரிங்கைப் பிடிப்பதோடு சரி. இப்போது ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்த பிறகு, என் வீட்டு ஹாலில் நடப்பதை எழுத ஆள் இல்லை. அதனால் நானே பேனாவை எடுத்திருக்கிறேன்.

விஷயம் இதுதான். இன்று காலை ஜெயசீலன் இரண்டு ஸ்பீக்கர் கொண்டுவந்து வைத்தான். இவன்தான் எங்கள் பஸ்ஸுக்குப் பாட்டு செட் மாட்டியவன். உடுமலை–கோயம்புத்தூர் லைனில் எங்கள் வண்டிப் பாட்டு அவ்வளவு பிரசித்தம். முன்னால் காலியாகப் போகிற வண்டியை விட்டுவிட்டு, எங்களுக்காக நின்று, படியில் தொங்கிக்கொண்டு வந்த ஜனம் உண்டு. அந்த வண்டியில் கூரை, படிக்கட்டு, பின் சீட்டுக்கு அடி என்று கை பட்ட இடத்திலெல்லாம் ஸ்பீக்கர் மாட்டினான். வீட்டுக்கு இரண்டே இரண்டுதான் கொண்டுவந்திருக்கிறான். கேட்டால், “இதுல பாடறவங்களைப் பாக்கலாமுங்ணா” என்றான். கிண்டல் பண்ணுகிறான் என்று நினைத்தேன்.

ஸ்பீக்கரை நிறுத்துவது வண்டியை ரிவர்ஸ் எடுப்பதைவிடக் கஷ்டம். ஒரு விரல் அந்தப் பக்கம், ஒரு விரல் இந்தப் பக்கம் என்று ஜெயசீலன் தள்ள, என் சம்சாரம் சுலோச்சனா நடுவில் நின்று “வரலாம், வரலாம், போதும்” என்று கை காட்டினாள். கடைசியில் வடக்குப் பார்த்து ஒரே ஒரு நாற்காலியைப் போட்டு என்னை உட்கார வைத்தார்கள்.

பாட்டு ஆரம்பித்தது. கண்ணைத் திறந்துகொண்டேதான் இருந்தேன். என் வீட்டு ஷோகேஸுக்கு முன்னால், மூன்றாவது டைல்ஸ் கல்லின் மேல், ஓர் அம்மாள் நின்று பாடினார். ஆளைத்தான் காணோம். மற்றபடி மூச்சு இழுப்பது, உதடு பிரிவது, எல்லாம் அந்தக் கல்லின் மேல் நடந்தது. தபேலாக்காரர் அவருக்கு இடப்புறம். புல்லாங்குழல் வலப்புறம். வயலின்காரர்கள் ஷோகேஸைத் தாண்டி, சுவரைத் தாண்டி, முனிசிபாலிட்டி சாக்கடைமேல் வரிசையாக உட்கார்ந்து வாசித்தார்கள்.

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. சுலோச்சனாவை உட்காரச் சொன்னேன். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு எழுந்தாள்.

“நல்லாத்தான் இருக்குது. ஆனா எங்க நின்னு பாடுனா என்னுங்க, பாட்டு பாட்டுத்தானே.”

இவளிடம் சொல்லி என்ன பிரயோஜனம்.

ஜூன் 5, வியாழன்

வீட்டில் சில மாற்றங்கள். பாட்டு ஓடும்போது யாரும் நாற்காலிக்கும் ஷோகேஸுக்கும் நடுவில் போகக்கூடாது. சமையலறையிலிருந்து சாமி ரூமுக்குப் போக வேண்டுமானால் பின்வாசல் வழியாக வீட்டைச் சுற்றிக்கொண்டு போகலாம். தூரம் ஒன்றும் அதிகமில்லை.

சுலோச்சனா முதலில் தலையில் அடித்துக்கொண்டாள். இன்று காலை மாப் போட வந்தவள் மூன்றாவது கல்லுக்கு வந்ததும் நின்று, வெறும் காற்றைப் பார்த்து, “கொஞ்சம் நகருங்கம்மா, ஈரம் பண்ணிக்கறேன்” என்றாள். நக்கல். ஆனால் நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். கல்லைச் சுற்றித்தான் துடைத்தாள். கல்லைத் துடைக்கவில்லை.

ஜூன் 10, செவ்வாய்

காலையில் ரேஷன் கடை. சாயந்திரம் பாட்டு.

ஒன்றை எழுதி வைக்க வேண்டும். இன்று இருட்டும்வரை கேட்டேன். எழுந்து வந்ததும், என்ன பாட்டு போட்டீங்க என்று சுலோச்சனா கேட்டாள். எனக்கு ஞாபகம் வரவில்லை. தபேலாவுக்கும் பாடகியம்மாவுக்கும் நடுவே ஒரு ஆள் தாராளமாக நுழைந்து போகலாம், அவ்வளவு இடைவெளி என்பது ஞாபகம் இருந்தது. இரண்டாவது வயலின்காரர் இருமியது ஞாபகம் இருந்தது. பாட்டு மட்டும் ஞாபகம் இல்லை. வண்டி ஓட்டும்போது ஒரு பாட்டின் பாதி ஹாரனில் போகும், மீதி சில்லறைத் தகராறில் போகும். அப்படியிருந்தும் கோயம்புத்தூர் போய்ச் சேருகிறவரை வாய் முணுமுணுத்துக்கொண்டே இருக்கும்.

புது சாமான். பழகப் பழகச் சரியாகும்.

ஜூன் 15, ஞாயிறு

பாடகியம்மா நகர்ந்துவிட்டார்.

முதலில் நம்பவில்லை. ஷோகேஸில் ஊட்டியில் வாங்கிய தோடர் பொம்மை ஒன்று இருக்கிறது. பாடகியம்மாவின் வாய் அதற்கு நேராக இருக்கும். இன்று பொம்மைக்கு இடப்புறம், விபத்தில்லாமல் ஓட்டியதற்கு முதலாளி கொடுத்த கோப்பைக்கு நேராகப் பாடுகிறார். மூன்றாவது கல்லிலிருந்து இறங்கி இரண்டாவது கல்லுக்கு வந்துவிட்டார். தபேலாக்காரரும் கூடவே நகர்ந்திருக்கிறார். புல்லாங்குழல் பாவம், பாதி வழியில் நிற்கிறது.

இடப்புறம் என்றால் என் வீட்டில் மேற்கு. அங்கே பிரிட்ஜ், அதற்குப் பின்னால் சமையலறை. அதையும் தாண்டினால் இன்சூரன்ஸ் ஏஜென்ட் மனோகரன் வீடு.

ஜூன் 16, திங்கள்

ஜெயசீலனை வரச் சொன்னேன். நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுவிட்டு, நட்ட நடுவில் இருக்கிறது என்றான். எனக்குக் கோபம் வந்தது. சரி, சோதித்துப் பார்க்கலாம் என்று இரண்டு ஒயரையும் மாற்றிச் சொருகினான். இடப்பக்க ஒயர் வலப்பக்கத்துக்கு, வலப்பக்க ஒயர் இடப்பக்கத்துக்கு. கோளாறு சாமானில் இருந்தால் இப்போது பாடகியம்மா வலப்புறம் தாவ வேண்டும்.

தாவவில்லை. தபேலாவும் புல்லாங்குழலும் இடம் மாறிக்கொண்டன. பாடகியம்மா மட்டும் கோப்பைக்கு நேராக அப்படியே நின்றார்.

ஆக, ஸ்பீக்கரில் கோளாறு இல்லை. ஒயரில் கோளாறு இல்லை. வீட்டில்தான் கோளாறு. இதை நான் சொன்னதும் ஜெயசீலன் தண்ணீர் குடிக்கிற மாதிரி சமையலறைக்குப் போய் சுலோச்சனாவிடம் என்னவோ பேசினான். இப்போதெல்லாம் எனக்குக் கேட்காதபடி பேசுவது எல்லோருக்கும் பழக்கமாகிவிட்டது.

ஜூன் 21, சனி

சுலோச்சனா பேசுவதே குறைந்துவிட்டது. முன்பெல்லாம் சாப்பிடும்போது என் வலக்கைப் பக்கம் உட்கார்ந்துகொண்டு ஊர்க்கதை மொத்தமும் சொல்வாள். ‘போதும்டி’ என்று நான் கையெடுத்துக் கும்பிட்ட நாள் உண்டு. இப்போது அதே இடத்தில்தான் உட்காருகிறாள். வாய் அசைகிறது. சோறு மெல்லுகிறாள் போலிருக்கிறது. ஒரு வார்த்தை இல்லை. திடீரென்று தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விடுகிறாள்.

எனக்கும் ரோசம் உண்டு. நானாகப் போய் என்ன என்று கேட்க மாட்டேன்.

ஜூன் 28, சனி

பாடகியம்மா பிரிட்ஜுக்குப் போய்விட்டார். முன்னால் இல்லை, மேலே. முட்டைக் கூடையும் தயிர்ச் சட்டியும் வைக்கிற இடத்தில் நின்று ஒரு சோகப் பாட்டு பாடினார். அந்தச் சோகத்தை அங்கே வைத்து எப்படி அனுபவிப்பது?

பாட்டு உச்சத்துக்குப் போகிற நேரம் பார்த்து சுலோச்சனா வந்து பிரிட்ஜைத் திறந்தாள். நான் கத்திவிட்டேன். குளிர்காற்று நேராக அந்தம்மா தொண்டையில் அடிக்குமே என்றேன். எழுதும்போது எனக்கே ஒரு மாதிரி இருக்கிறது, ஆனால் அந்த நேரத்தில் அப்படித்தான் தோன்றியது.

சுலோச்சனா என் எதிரில் வந்து நின்று, “சுவெட்டர் இருக்குது, எடுத்துக் குடுக்கட்டுங்களா?” என்றாள். இதை மட்டும் நன்றாகக் காதில் விழும்படி சொன்னாள்.

ஜூலை 4, வெள்ளி

கொத்தனாரிடம் ரசமட்டம் இரவல் வாங்கி வந்து தரையில் வைத்துப் பார்த்தேன். என் கணக்கு என்னவென்றால், மேற்குப் பக்கம் செப்டிக் டேங்க் இருக்கிறது, அடியில் களிமண், வீடு அந்தப் பக்கம் இறங்கியிருக்க வேண்டும். வண்டியில் ஒரு பக்கம் ஜனம் அதிகமாகத் தொங்கினால் ஸ்டீயரிங் அந்தப் பக்கமே இழுக்கும். அதே சமாசாரம்தான்.

குமிழ் நட்ட நடுவில் நின்றது. நின்றால் என்ன? வீடு சாய்ந்தால் அதன் மேல் வைத்த ரசமட்டமும் சேர்ந்து சாயும். சாய்ந்தது எப்படிச் சாய்வைக் காட்டும்?

ஜூலை 9, புதன்

சுலோச்சனா திருப்பூருக்கு, மகள் வீட்டுக்குப் போய்விட்டாள்.

காலையில் பையோடு வாசலில் நிற்கிறாள். எங்கே என்றேன். அவள் முகம் போன போக்கு எனக்குப் பிடிக்கவில்லை. மூன்று நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாளாம். நேற்றுச் சாப்பிடும்போதுகூடச் சொன்னாளாம். சத்தியமாக என்னிடம் சொல்லவில்லை. சொல்லவே இல்லை என்று நானும் சத்தம் போட்டேன்.

பையைக் கீழே வைத்துவிட்டு அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

“அந்தம்மா எந்தக் கல்லு மேல நிக்குதுன்னு உங்களுக்குத் தெரியுது. மூச்சு உடறது தெரியுது. நான் பக்கத்துல குந்தி நாள் முழுக்கப் பேசறேன், மனுசி ஒருத்தி பேசறான்னு தெரியலீல்ல? நீங்க அதுகூடவே குடும்பம் நடத்துங்க. நான் இனி வரலீங்க.”

ஆட்டோ ஏறிப் போய்விட்டாள். நாலு நாளில் வராமல் எங்கே போவாள் என்று எழுதினேன். அடித்துவிட்டேன். அவள் பிறந்த வீட்டுக்குப் போனால் கோபம். மகள் வீட்டுக்குப் போனால் முடிவு. எனக்குத் தெரியும்.

ஜூலை 11, வெள்ளி

பருப்பு வேக வைத்தேன். குக்கரை ஏற்றிவிட்டு ஹால் கட்டிலில் இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்தேன். மூன்று விசில் வந்தால் எழுந்து போய் அணைப்பது என்று திட்டம். விசில் வரவில்லை. காத்துக்கொண்டே இருந்தேன். வரவே இல்லை.

தோளைப் பிடித்து யாரோ உலுக்கினார்கள். மனோகரன். பக்கத்து வீட்டுக்காரர். அவருக்குப் பின்னால் வீடெல்லாம் புகை. உங்க குக்கர் விசில் நிற்காமல் அடித்துக்கொண்டே இருந்தது, அப்புறம் கருகுகிற வாசம் வந்தது, வீட்டில் ஆள் இல்லையோ என்று ஓடி வந்தேன் என்றார். பருப்பு கரியாகிவிட்டது. குக்கரும் போயிற்று.

அவர் போன பிறகு உட்கார்ந்து யோசித்தேன். என் வீட்டு விசில் என் காதில் விழவில்லை. மனோகரன் வீட்டில் விழுந்திருக்கிறது. அப்படியென்றால் என்ன அர்த்தம்? பாடகியம்மா மட்டுமில்லை, இந்த வீட்டுச் சத்தம் மொத்தமுமே மேற்கே ஒழுகிக்கொண்டிருக்கிறது. சுலோச்சனா பேசியதும் அப்படித்தான் போயிருக்க வேண்டும். பாவம், அவள்மேல் தப்பில்லை. அவள் இங்கே பேசியதெல்லாம் மனோகரன் வீட்டில் போய் விழுந்திருக்கிறது.

ஜூலை 12, சனி

மனோகரன் வீட்டுக்குப் போய் வந்தேன். எப்படிக் கேட்பது என்று கூச்சமாகத்தான் இருந்தது. சுற்றி வளைக்காமல் கேட்டேன். சாயந்திரம் ஆறு மணிக்கு மேல் ஓர் அம்மாள், கூட தபேலா, வயலின் எல்லாம் உங்கள் கிழக்குச் சுவர்ப் பக்கம் வருகிறதா என்று.

நல்ல மனுஷன். சிரிக்கவில்லை. தம்பதியாக ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு அவர் சம்சாரம், “இதுவரைக்கும் வரலீங்க. வந்தா காப்பி குடுத்து உங்களூட்டுக்கு அனுப்பி வெக்கறமுங்க” என்றார். மனோகரன் அந்தச் சுவர்ப் பக்கம் இருந்த பீரோவை எதற்கும் கொஞ்சம் நகர்த்தி வைப்பதாகச் சொன்னார். வயலின்காரர்களுக்கு இடம் வேண்டுமே என்று. வாசல்வரை வந்து, உங்கள் வயதுக்கும் ஒரு நல்ல பாலிசி இருக்கிறது, பிறகு பேசலாம் என்றார்.

கடைசியில், என் சம்சாரம் பேசுவது உங்களுக்குக் கேட்குமா என்று கேட்டேன். கேட்கும் என்றார். சமையலறை ஜன்னல் எதிர் எதிராக இருப்பதால் நன்றாகவே கேட்குமாம். “தெனமும் உங்ககிட்டத்தாங்க பேசிட்டிருப்பாங்க. நீங்கதான் பதிலே சொல்ல மாட்டீங்க” என்றார்.

அவள் பேசியிருக்கிறாள். இத்தனை நாளும் பேசியிருக்கிறாள். அவரிடம் சரி என்று தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன்.

வீட்டை நேர் பண்ணியாக வேண்டும். நேரானால்தான் அவள் பேசுவது என் காதில் விழும். காதில் விழுந்தால்தான் அவளைப் போய்க் கூப்பிட எனக்கு முகம் இருக்கும். ஆறுக்குட்டிக்குப் போன் பண்ணினேன். நாளைக்கு ஸ்டாண்டில் இருக்கிற நம் ஆட்களில் கனமான ஆட்களாகப் பார்த்துக் கூட்டிக்கொண்டு வா என்றேன். எதற்கு என்று அவன் கேட்கவில்லை. முப்பது வருஷப் பழக்கம் என்றால் அதுதான்.

ஜூலை 13, ஞாயிறு

எழுதக் கை வரவில்லை. ஆனாலும் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலையில் ஆறுக்குட்டி எங்கள் கம்பெனி டிரைவர், கண்டக்டர்களைத் திரட்டிக்கொண்டு வந்துவிட்டான். எல்லோரும் தொப்பையும் தொந்தியுமாக நல்ல கனம். விஷயத்தைச் சொன்னேன். வண்டி ஒரு பக்கம் இழுத்தால் என்ன பண்ணுவோம், மறுபக்கம் ஆளை உட்கார வைப்போம், அதேதான் என்றேன். ஒருத்தருக்கும் இதில் சந்தேகம் வரவில்லை. இதையே வேறு யாரிடமாவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள். ஆறுக்குட்டி பழைய தோரணையில் நின்றுகொண்டு, “கெழக்கால சொவத்தோரம் போங்க, நெருங்கி உக்காருங்க, இன்னொராளு உக்காரலாம்” என்று அடுக்கினான். அரிசி மூட்டையையும் அந்தப் பக்கம் நகர்த்தினோம். கடைசியாக வந்த ஸ்பேர் டிரைவர் தண்டபாணி ஒருவரே ரெண்டு ஆள் கனம். அவரை மூலையில் வைத்தோம்.

பாட்டைப் போட்டேன். பாடகியம்மா பிரிட்ஜை விட்டு இறங்கவில்லை. சொல்லப்போனால் இன்னும் கொஞ்சம் மேற்கே தள்ளிவிட்டார்.

அப்போது தண்டபாணி, நானும் ஒரு தடவை நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கிறேன் என்றார். உட்கார்ந்தார். எங்கே நிற்கிறார் காட்டுங்கள் என்றேன். அவர் நேராகத் தோடர் பொம்மையைக் காட்டினார். அடுத்த ஆள் உட்கார்ந்தான், பொம்மையைக் காட்டினான். அதற்கடுத்த ஆளும் பொம்மையைத்தான் காட்டினான். எனக்கு என் முகம் மாறுவது தெரிந்தது. அவர்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும். அடுத்து உட்கார்ந்தவன் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கையை மெதுவாகத் திருப்பி பிரிட்ஜைக் காட்டினான். அதற்குப் பிறகு உட்கார்ந்த அத்தனை பேரும் பிரிட்ஜைத்தான் காட்டினார்கள். முதலில் காட்டிய தண்டபாணிகூட, ஆமாமா, இப்ப பாத்தா பிரிட்ஜ் பக்கந்தான் என்றார். சீனியர் டிரைவர் சொன்னால் மற்றவர்கள் மறுத்துப் பேசுகிற வழக்கம் எங்கள் கம்பெனியில் இல்லை.

ஆறுக்குட்டி மட்டும் உட்காரவில்லை. நான் நாற்காலியில் இருந்தபோது எனக்கு வலப்பக்கம் வந்து நின்றான். நின்று என்னவோ செய்திருக்கிறான். ஏனென்றால் சுவரோரம் இருந்த அத்தனை பேரும் திடுக்கிட்டு என்னைப் பார்த்தார்கள். திரும்பிப் பார்த்தேன். ஆறுக்குட்டி முகத்தில் ரத்தம் இல்லை.

என்னடா என்றேன். ஒன்றுமில்லை என்று தலையசைத்தான். எல்லோரும் டீகூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டார்கள்.

ஜூலை 15, செவ்வாய்

சுலோச்சனா வந்துவிட்டாள். நான் கூப்பிடவில்லை. ஆறுக்குட்டி கூப்பிட்டிருக்கிறான்.

வந்தவள் சண்டை போடவில்லை, அதுவே எனக்குப் பயமாக இருந்தது. தனக்குக் காது சரியாகக் கேட்கவில்லை, நாளைக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள் என்றாள். காதில் டெஸ்ட் பண்ணுகிற ரூமுக்குள் தனியாகப் போகப் பயமாம். நான் முதலில் போய் உட்கார்ந்து காட்ட வேண்டுமாம்.

போகலாம் என்றேன்.

ஜூலை 16, புதன்

ஆஸ்பத்திரிக்குப் போனோம். சுலோச்சனா காதில் ஒன்றும் இல்லை.

ஜூலை 17, வியாழன்

ஆடி ஒன்று. காற்று பேயாக அடிக்கிறது. பாட்டு போடவில்லை.

ஜூலை 19, சனி

இதை எழுதாமல் விட்டால் இந்த நோட்டுக்கே அர்த்தமில்லை.

ஆஸ்பத்திரியில் அந்த டெஸ்ட் ரூம் டிரைவர் கேபின் அளவுதான் இருக்கும். இரண்டு காதிலும் ஹெட்போனை மாட்டிவிட்டு, சத்தம் கேட்டால் பொத்தானை அமுக்குங்கள் என்றார்கள். இடக்காதில் கூப்பிட்டது, அமுக்கினேன். கூப்பிட்டது, அமுக்கினேன். பிறகு நிறுத்திவிட்டார்கள். வலது பக்கம் எப்போது ஆரம்பிப்பார்கள் என்று காத்திருந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அந்தப் பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மெஷின் ரிப்பேர் போலிருக்கிறது என்று கை காட்டினேன். அவளுக்குப் பக்கத்தில் நின்ற சுலோச்சனா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்போது எனக்குப் புரிந்துவிட்டது.

வலது காது போய்விட்டது. வருஷக்கணக்காகத் தேய்ந்திருக்கும், இந்தச் சில வாரத்தில் இருந்த மிச்சமும் போயிருக்கிறது என்றார் டாக்டர். காரணம் இதுதான் என்று அடித்துச் சொல்ல முடியாதாம். ஜன்னல் பக்கக் காது, ஹாரன், காற்று எல்லாம் சேர்ந்து இருக்கலாமாம். நான் அவரிடம் சண்டைக்குப் போனேன். எஞ்சின் இருந்தது இடப்பக்கம், அப்படியென்றால் இடக்காது அல்லவா போயிருக்க வேண்டும் என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, மெஷின் வைத்துப் பார்க்கலாம், எவ்வளவு பலன் தரும் என்று இப்போது சொல்ல முடியாது என்றார்.

வரும் வழியில் சுலோச்சனாவிடம் கேட்டேன், ஆறுக்குட்டி அன்றைக்கு என் பக்கத்தில் நின்று என்ன செய்தான் என்று. அவள் சொல்ல மாட்டேன் என்றாள். நான் விடவில்லை. என் வலது காதுக்குப் பக்கத்தில் குனிந்து அவன் இப்படிச் சொன்னானாம்:

“அண்ணா, கொழந்தை குறுக்க ஓடுது.”

எனக்குக் கேட்கவில்லை.

இந்த மூன்று நாளாக அதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். பயமாக இருக்கிறது. வண்டியை விட்டு இறங்கியது எவ்வளவு பெரிய புண்ணியம். இந்தக் காதை வைத்துக்கொண்டு நான் வீட்டைக் குற்றம் சொன்னேன், செப்டிக் டேங்க்கைக் குற்றம் சொன்னேன், கட்டினவளைக் குற்றம் சொன்னேன். தண்டபாணியை மூலையில் உட்கார வைத்தேன். வெட்கமாகவும் இருக்கிறது, அழுகையாகவும் வருகிறது. சுலோச்சனா முன்னால் அழுதும்விட்டேன். அவள் வெசனப்படாதீங்க என்று சொன்னாள். எந்தப் பக்கம் நின்று சொன்னாள் என்று எழுத வேண்டியதில்லை. கேட்டது.

ஜூலை 20, ஞாயிறு

ஜெயசீலன் வந்தான். இனி இந்த ஸ்பீக்கரை நீயே எடுத்துக்கொள், ஒற்றைக் காதுக்கு எதற்கு இரண்டு என்றேன். அவன் எடுக்கவில்லை. ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவில் நிலைப்படி ஓரம் நிறுத்திவிட்டுப் போனான்.

பாட்டைப் போட்டோம். யாரும் எந்தக் கல்லின் மேலும் நிற்கவில்லை. பாடகியம்மா, தபேலா, புல்லாங்குழல், சாக்கடைமேல் இருந்த வயலின்காரர்கள், எல்லோரும் முகூர்த்த நாள் வண்டி மாதிரி ஒரே பெட்டிக்குள் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். யாருக்கும் மூச்சு விட இடமில்லை. கேட்கச் சகிக்கவில்லை. அன்று ஹாலில் ஆள் வந்து நின்ற மாதிரி இனி என் ஆயுசில் நிற்கப் போவதில்லை. அதை நினைத்தால் வயிறு எரிகிறது. இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

நாற்காலியை எடுத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தேன். சுலோச்சனா அவரைக்காயும் அரிவாள்மனையுமாக வந்து எனக்கு இடப்பக்கம் உட்கார்ந்தாள். இரண்டாவது பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. திடீரென்று அதற்குள் வேறொரு குரல் கேட்டது. பெட்டியில் இருந்து வரவில்லை. கரகரவென்று, பாடகியம்மாவை வளைவில் ஹாரன் அடிக்காமல் ஓவர்டேக் எடுத்துக்கொண்டு, பல்லவியை அவர் முடிப்பதற்கு முன்பே முடித்துவிட்டு, அடுத்த வரிக்காகக் காத்துக்கொண்டு நின்றது.

திரும்பிப் பார்த்தேன். சுலோச்சனா காயைப் பார்த்துக்கொண்டே பாடிக்கொண்டிருந்தாள்.

“ஏம்புள்ள, நீ பாடுவியா?”

“இந்த டப்பா வந்தப்பறம் எத்தனை நாள் உங்க வலக்கைப் பக்கமா குந்திப் பாடியிருக்கறேன். ஒரு நாளாச்சும் நிறுத்துன்னு சொல்லுவீங்கன்னு பாத்தேன்.”

சுருதி சுத்தமாக இல்லை. தாளம் அவள் நறுக்குகிற அவரைக்காயோடு போகிறது. ‘சரணம் நெடுக ராங் சைடில் வர்றே’ என்று அவளிடமே சொன்னேன். அதற்கு அவள் பெட்டியில் ஓடுகிற பாட்டை நிறுத்திவிட்டு, முதல் வரியிலிருந்து தனியாக ஆரம்பித்தாள். கடைசிவரை கேட்டேன். என்ன பாட்டு என்று யார் கேட்டாலும் சொல்வேன்.